தாத்தா 1983-ல் ஒத்தி வைத்த தோப்பு, 30 வருஷம் தாண்டினால் கைவிட்டுப் போய்விடுமா?

தங்கச்சிமடத்துப் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை படகு கரையில்தான். சும்மா இருக்கும் நேரத்தில் அப்பாவின் தகரப் பெட்டியைக் கிளறினேன், ஒரு பத்திர நகல் கிடைத்தது. அதிலிருந்து தூக்கம் இல்லை.

தாத்தா 1983-ல் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் தென்னந்தோப்பை 8,000 ரூபாய்க்கு ஒத்தி வைத்திருக்கிறார். மூத்த அத்தை கல்யாணச் செலவுக்கு. ஒத்தி பிடித்தவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், பக்கத்துத் தோப்புக்காரர். கெடு ஐந்து வருஷம். தாத்தாவால் மீட்க முடியவில்லை, 1999-ல் இறந்துவிட்டார். அப்பா காலம் முழுக்கக் கடலுக்குப் போனவர், "அது நம்ம தோப்புடா, ஒருநாள் மீட்கணும்" என்று மட்டும் சொல்லுவார். அவரும் போய் நாலு வருஷம் ஆகிறது.

இப்போது அந்தத் தோப்பைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வந்து போகிறார்கள். ரோட்டுப் பக்கம் என்பதால் தங்கும் விடுதி கட்டத் தோதான இடமாம். நான் போய்க் கேட்டேன். ஒத்தி பிடித்தவரின் மகன் (எனக்கு மாமா முறை) மூன்று காரணம் சொல்கிறார். ஒத்தி வைத்து 30 வருஷம் தாண்டியதால் சட்டப்படி அவர்களுக்கே சொந்தமாம். பட்டா அவர்கள் பேரில் இருக்கிறதாம். அது போக 1995-ல் தாத்தா முத்திரைத்தாளில் கிரய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து 5,000 ரூபாய் வாங்கியிருக்கிறாராம். அந்தத் தாளைத் தூரத்தில் வைத்துக் காட்டினார், கையில் தரவில்லை.

இதில் எது உண்மை? நாங்கள் 8,000 ரூபாயைக் கொடுத்துத் திருப்ப முடியுமா? ஒத்தி, அடமானம், போக்கியம், கிரய ஒப்பந்தம் என்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்கிறார்கள், எனக்கு எதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்று. என் தங்கை ராமநாதபுரம் டவுனில் 4 லட்சத்துக்கு வீடு ஒத்திக்குப் பிடித்துக் குடியிருக்கிறாள். அதுவும் இதே ஒத்திதானா?

தொண்டிக் கரை

தம்பி, மனசைத் தேற்றிக்கொள். எங்கள் ஊரில் இதே மாதிரி ஒரு கேஸ், 12 வருஷம் ஒருத்தன் அனுபவித்தாலே அவனுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். உனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. பட்டாவும் அவர்கள் பேரில் என்றால் கோர்ட்டுக்குப் போய்ச் செலவழிப்பது வீண். சொந்தக்காரர்தானே, பெரியவர்களை வைத்துப் பேசி ஒரு தொகை வாங்கிக்கொள்.

பழைய பத்திர எழுத்தர்

தொண்டித் தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அது தப்பு. இந்த ஒரு தப்பான பேச்சை நம்பியே நம்ம மாவட்டத்தில் எத்தனையோ குடும்பம் தோப்பையும் மனையையும் விட்டுக்கொடுத்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் திருவாடானைப் பக்கம் பத்திரம் எழுதினவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 12 வருஷம். அது எதிரிடை அனுபவத்துக்கு உள்ள கணக்கு. உன் இடத்தில் உனக்கு விரோதமாக, "இது என்னுடையது" என்று ஒருவன் வெளிப்படையாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஒத்தி பிடித்தவர் அப்படி வரவில்லை, உன் தாத்தா கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டுத்தான் வந்தார். சம்மதத்தோடு உள்ளே வந்தவர் எத்தனை வருஷம் இருந்தாலும், அந்த அனுபவம் மட்டும் அவரைச் சொந்தக்காரர் ஆக்காது.

அடுத்தது வார்த்தைகள். அடமானம் என்று நாம் பொதுவாகப் பேசுகிறோம், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் அதை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அதில் மூன்று நாலுதான். சொத்து உன் கையிலேயே இருக்கும், கடனுக்கு அதை ஈடாகக் காட்டுகிறாய் என்றால் சாதா அடமானம். சொத்தையே கொடுத்துவிடுகிறாய், அவர் அதன் பலனை வட்டிக்குப் பதிலாக அனுபவித்துக்கொள்கிறார் என்றால் அனுபவ அடமானம். இதைத்தான் நம்ம பக்கம் ஒத்தி என்கிறோம், வேறு ஊர்களில் போக்கியம் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். மூலப்பத்திரத்தை பேங்கில் கொடுத்துக் கடன் வாங்குவது உரிமை ஆவண ஒப்படைப்பு. நாலாவது நிபந்தனைக் கிரயம், அதைக் கடைசியில் சொல்கிறேன், ஆபத்தானது அதுதான்.

ஒத்தியில் சொத்தின் உரிமை ஒருநாளும் கைமாறுவதில்லை. பணத்தைக் கொடுத்தால் சொத்தைத் திருப்பித் தர வேண்டும், இதற்கு மீட்புரிமை என்று பெயர், 60-ஆம் பிரிவு. "கெடுவுக்குள் மீட்காவிட்டால் இதையே கிரயமாகக் கொள்ள வேண்டியது" என்று ஒரு வரியைப் பத்திரத்தில் நுழைத்திருந்தாலும் அந்த வரி செல்லாது. ஒருமுறை அடமானம் என்றால் எப்போதும் அடமானம்தான் என்று கோர்ட்டில் சொல்லுவார்கள்.

சரி, அந்த 30 வருஷம் எங்கிருந்து வந்தது? 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில் அடமானத்தை மீட்க 30 வருஷம் என்று இருப்பது உண்மைதான். அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சிங் ராம் வழக்கில் இதைத் தீர்த்துவிட்டார்கள். அனுபவ அடமானத்துக்குப் பத்திரம் எழுதிய தேதியிலிருந்து 30 வருஷம் எண்ணக் கூடாது. அடமானப் பணம் சொத்தின் பலனிலிருந்தே அடைபட்டோ, நாம் கொடுத்தோ, கோர்ட்டில் கட்டியோ தீரும் நாளிலிருந்துதான் காலம் ஓடத் தொடங்கும். 30 வருஷம் முடிந்துவிட்டது, ஆகவே நானே சொந்தக்காரன் என்று ஒத்திக்காரர் கேட்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

ஆகவே தம்பி, உன் நகலில் அனுபவம் பற்றிய வரி எப்படி இருக்கிறது? வட்டியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? அந்த இடத்தை அப்படியே எழுத்துக்கு எழுத்துப் பார்த்துப் போடு. சில பழைய பத்திரங்களில் அனுபவமும் கொடுத்து, தனியாக வட்டியும் போட்டு, தவறினால் ஏலம் என்றும் எழுதிக் கலந்து வைத்திருப்பார்கள். அது சுத்தமான ஒத்தி இல்லை, அதற்குக் கணக்கு வேறு.

அந்த நிபந்தனைக் கிரயம். அவசரத்துக்குப் பணம் கேட்டுப் போனால், "ஒத்தி வேண்டாம், கிரயமாகவே எழுதிக் கொடு, மூன்று வருஷத்தில் பணம் தந்தால் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பார்கள். திருப்பித் தரும் அந்த வாக்கு கிரயப் பத்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால்தான் அதை அடமானம் என்று வாதாடவாவது வழி உண்டு. தனித் தாளில் எழுதினால் 1929-ல் வந்த திருத்தப்படி அது அடமானமே ஆகாது, சுத்தக் கிரயம், தனித் தாளில் உள்ள கெடு தவறினால் சொத்து போனதுதான். நான் எழுதிக் கொடுக்க மறுத்து அனுப்பிய ஆட்கள் வேறு இடத்தில் எழுதிக்கொண்டு வந்து, ஐந்து வருஷம் கழித்து என் திண்ணையில் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. இதைப் படிக்கிற யாரும் தனித் தாள் வாக்கை நம்பிக் கிரயத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

தங்கச்சிமடத்துப் பிள்ளை

ஐயா, ரொம்ப நன்றி. நகலை எடுத்து வைத்து எழுதுகிறேன், சில எழுத்து மங்கியிருக்கிறது:

"...மேற்படி ரூபாய் எட்டாயிரத்துக்கு வட்டியில்லாமலும் மேற்படி தோப்பின் பலனுக்குக் குத்தகையில்லாமலும் தாங்களே சுவாதீனத்தில் வைத்து அனுபவித்துக்கொண்டு, ஐந்து வருஷக் கெடுவுக்குமேல் நான் எப்போது ரூபாய் செலுத்தினாலும் பெற்றுக்கொண்டு சொத்தை என் வசம் ஒப்படைக்க வேண்டியது..."

பத்திர எண், வருஷம் எல்லாம் தெளிவாக இருக்கிறது. பதிவு செய்த பத்திரம்தான்.

இன்னொரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். முப்பது நாற்பது தென்னையை வெட்டிவிட்டு ஒரு ஓரத்தில் ஓட்டு வீடும் போட்டிருக்கிறார்கள். "அதற்குச் செலவழித்த காசைக் கொடுத்துவிட்டுப் பேசு" என்கிறார் மாமா.

பழைய பத்திர எழுத்தர்

"ஐந்து வருஷக் கெடுவுக்குமேல் எப்போது செலுத்தினாலும்." இந்த வரியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது தம்பி. எழுதியவர் விவரம் தெரிந்தவர். வட்டிக்குப் பலன் நேர், இது சுத்தமான ஒத்தி. கெடு என்பதும் ஐந்து வருஷத்துக்குள் நீ மீட்கக் கூடாது என்பதற்குத்தான், ஐந்து வருஷம் தாண்டினால் உரிமை போச்சு என்பதற்கு இல்லை. அசல் 8,000 மட்டும்தான் பாக்கி.

நாளைக்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கு. கூடவே 1983-லிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்றிதழ் போடு. அந்தத் தோப்பின் மேல் வேறு ஏதாவது எழுதிப் பதிந்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

ராம்நாடு கோர்ட் வாசல்

இங்கே வழக்கறிஞராக இருக்கிறேன். ஐயா சொன்னதில் மாற்றம் இல்லை. மற்ற மூன்றை மட்டும் சேர்க்கிறேன்.

பட்டா. அது வருவாய்த் துறைப் பதிவு, உரிமைப் பத்திரம் ஆகாது. பட்டா பேர் மாறியதால் உரிமை மாறிவிடாது என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க யூடிஆர் சர்வே நடந்தபோது யார் அனுபவத்தில் இருந்தார்களோ அவர்கள் பேரிலேயே பட்டா ஏறிய கதை கடலோரக் கிராமங்களில் நிறைய. உங்கள் ஒத்தி 1983, அதனால் இங்கேயும் அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம். பட்டாவைச் சரிசெய்ய வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு, ஆனால் உரிமைத் தகராறு என்று தெரிந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். ஆகவே பட்டாவில் போய் முதலில் மோதி நாளை வீணாக்க வேண்டாம்.

1995 கிரய ஒப்பந்தம். நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது இதில்தான், இதை லேசாக விட்டுவிடாதீர்கள். கிரய ஒப்பந்தம் வேறு, கிரயம் வேறு. விற்கிறேன் என்று ஒப்புக்கொள்வதால் மட்டும் சொத்தில் எந்த உரிமையும் உண்டாகாது, 54-ஆம் பிரிவிலேயே அப்படி இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை வைத்துக் கிரயம் எழுதித் தரச் சொல்லி வழக்குப் போட வேண்டும் என்றால், அதில் நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து, இல்லாவிட்டால் எழுதித் தர மறுத்தது தெரிந்த நாளிலிருந்து, மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் அவர்கள் வேறொரு கதவைத் தட்டலாம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, அதன்படி சொத்தும் கையில் இருந்தால், அந்தச் சுவாதீனத்தைக் காப்பாற்றிக்கொள்ள 53-ஏ பிரிவு ஒரு கேடயம் கொடுக்கிறது. அதற்கு ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2001-ல்தான் வந்தது, உங்கள் தாள் 1995. ஆனால் ஏற்கெனவே ஒத்தியில் உட்கார்ந்திருப்பவர் "ஒப்பந்தத்தினால்தான் இருக்கிறேன்" என்று வெறுமனே சொன்னால் போதாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றும் வகையில் மேற்கொண்டு ஏதாவது செய்திருக்க வேண்டும், தன் பங்கை முடிக்கத் தயாராகவும் இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் மீதிப் பணத்தைப் பற்றி வாயே திறக்காதவருக்கு அதை நிரூபிப்பது கடினம். எதற்கும் அந்தத் தாளை நீங்கள் பார்த்தாக வேண்டும். கையெழுத்து தாத்தாவுடையதா, முத்திரைத்தாள் எந்தத் தேதியில் யார் பேரில் வாங்கியது, சாட்சிகள் யார், இதெல்லாம் பார்க்காமல் அது உண்மை என்றோ பொய் என்றோ நீங்கள் எங்கேயும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஓட்டு வீடு. ஒத்தி பிடித்தவர் தன் இஷ்டத்துக்குச் செய்த அபிவிருத்திக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சொத்து அழியாமல் காக்க அவசியமான செலவு என்றால்தான் அந்தப் பேச்சு. அதே சமயம் சொத்துக்கு நிரந்தரச் சேதம் செய்யக் கூடாது என்பது 76-ஆம் பிரிவின்படி அவருடைய கடமை. காய்க்கிற தென்னையை வெட்டியதற்கு நீங்கள்தான் கணக்குக் கேட்க வேண்டும். அடிமரங்கள் இன்னும் கிடந்தால் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை: தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் வாரிசுச் சான்றிதழ். தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால் அத்தைகளுக்கும் உங்கள் அப்பாவுக்குச் சமமான பங்கு உண்டு, இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் இதில் மகன், மகள் வித்தியாசம் இல்லை. அவர்களை விட்டுவிட்டுத் தனியாகப் போகாதீர்கள். பிறகு வக்கீல் நோட்டீஸ், 8,000 தயார், வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள் என்று. வாங்க மறுத்தால் 83-ஆம் பிரிவின்படி அந்தப் பணத்தைக் கோர்ட்டிலேயே கட்டிவிட்டு மீட்பு வழக்குப் போடலாம். கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம், மீட்பு வழக்கில் கோர்ட் கட்டணம் அடமானத் தொகையை ஒட்டித்தான், தோப்பின் இன்றைய விலைக்கு இல்லை. வழக்குப் போட்டுவிட்டால் நடுவில் அவர்கள் யாருக்கு விற்றாலும் வாங்கியவர் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான், 52-ஆம் பிரிவு. விற்கத் தடை உத்தரவும் கூடவே கேளுங்கள். ஆள் வந்து பார்த்துப் போகிறார்கள் என்கிறீர்கள், அதனால் தாமதிக்க வேண்டாம்.

கீழக்கரை லாத்தா

தோப்பு விஷயத்தில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் தங்கச்சியின் வீட்டு ஒத்தியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நாங்கள் பட்ட பாடு பெரிது.

வீட்டுக்காரர் உள்ளூர்க்காரர், நல்ல மனுஷர். என் மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பிச் சேர்த்த 3 லட்சத்தைக் கொடுத்து ஒத்திக்குப் போனோம். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை, மூன்று வருஷம். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் பேங்க் ஆட்கள் வந்து சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வீட்டு மூலப்பத்திரம் நாங்கள் குடிவருவதற்கு முன்பே கடனுக்குப் போயிருக்கிறது. 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டத்தில், ஈடாகக் கொடுத்த சொத்தை பேங்க் வழக்குப் போடாமலே எடுத்து ஏலம் விடலாமாம். "நாங்கள் ஒத்திக்கு இருக்கிறோம்" என்றோம், "பதிவு செய்த பத்திரம் காட்டுங்கள்" என்றார்கள். எங்களிடம் ஏது?

அப்போதுதான் ஒரு வக்கீல் விளக்கினார். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் எதுவாக இருந்தாலும், பத்திரத்தை பேங்கில் ஒப்படைக்கிற வகையைத் தவிர, பதிவு செய்து இரண்டு சாட்சி கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும், 59-ஆம் பிரிவு. பதிவு இல்லாத ஒத்தி சட்டத்தின் கண்ணில் ஒத்தியே இல்லை. தம்பி, உன் தாத்தா 8,000 ரூபாய்க்குப் பதிவு செய்தார், அதனால் இன்றைக்கு நீ நிமிர்ந்து கேட்கிறாய். நாம் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு முத்திரைத் தீர்வை மிச்சம் என்று பதியாமல் விடுகிறோம். எங்களுக்கு வீட்டின் மேல் எந்தப் பிடியும் இல்லாமல் போய், வெறும் கடன் கொடுத்தவர்கள் மாதிரி அந்த மனுஷரின் பின்னாலேயே அலைந்தோம். 3 லட்சத்தில் 2 லட்சம் வந்தது, அதுவும் தவணை தவணையாக.

தங்கச்சியிடம் முதலில் தாளை எடுத்துப் பார்க்கச் சொல். மேலே என்ன பேர் போட்டிருக்கிறது? சிலர் வாயில் ஒத்தி என்பார்கள், தாளில் பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் என்று எழுதி 4 லட்சத்தை அட்வான்ஸ் என்று காட்டுவார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் போனால் குத்தகையைப் பதிய வேண்டும் என்பதால்தான் அந்தப் பதினோரு மாதம். பிறகு அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கட்டும், பேங்கில் பத்திரம் ஒப்படைத்துப் பதிந்திருந்தால் அதில் வரும். வீட்டுக்காரரிடம் மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் காட்டச் சொல்லட்டும், ஜெராக்ஸ் வேண்டாம். அசலைக் காட்டத் தயங்கினாலே காரணம் இருக்கிறது.

ராம்நாடு கோர்ட் வாசல்

லாத்தா சொன்னது அத்தனையும் சரி. வாடகை ஒப்பந்தம் என்று எழுதியிருந்தால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும், அதில் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். தங்கை விஷயத்தில் நல்ல வழி, வீட்டுக்காரர் சம்மதித்தால் இப்போதே பதிவு செய்த ஒத்திப் பத்திரமாக மாற்றிக்கொள்வது. செலவை இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். பேங்க் கடன் முன்பே இருந்தால் பதிந்தாலும் பேங்குக்குப் பிறகுதான் தங்கைக்கு இடம், அப்போது பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருவதுதான் புத்தி.

தொண்டிக் கரை

தம்பி, நான் முதலில் சொன்னதை எடுத்துக்கொள்ளாதே, மன்னித்துவிடு. எங்கள் ஊர்க் கேஸை இப்போது விசாரித்தேன், அவர்கள் வைத்திருந்தது பதியாத தாளாம்.

தங்கச்சிமடத்துப் பிள்ளை

பரவாயில்லை அண்ணே, நீங்கள் சொன்னதைத்தான் ஊரில் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள்.

இன்றைக்குக் காலையில் சான்றிட்ட நகலுக்கு மனுக் கொடுத்துவிட்டேன், வில்லங்கத்துக்கும் போட்டாச்சு. சின்ன அத்தை பாம்பனில்தான் இருக்கிறார், சொன்னதும் அழுதுவிட்டார், எங்கே வேண்டுமானாலும் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். மூத்த அத்தை, அவர் கல்யாணத்துக்குத்தான் தோப்பே போனது, எட்டாயிரத்தையும் தானே தருவதாகச் சொல்லிவிட்டார். தங்கை வீட்டுத் தாளில் "வாடகை ஒப்பந்தம், பதினோரு மாதம்" என்றுதான் இருக்கிறது, லாத்தா சொன்ன மாதிரியே. ஞாயிற்றுக்கிழமை போய் வீட்டுக்காரரிடம் அசல் பத்திரத்தைக் கேட்கிறேன். வில்லங்கம் வந்ததும் அதில் இருப்பதை இங்கே போடுகிறேன் ஐயா, பார்த்துச் சொல்லுங்கள்.